விரல் அளக்கும் தூரம்



பணியின் பொருட்டும் பிழைப்பின் பொருட்டும் மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் குடியேறிவிட்ட நம்மவர்கள், ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ ஊர் திரும்பும்போது மறவாமல் எடுத்துவரும் பொருள்களில் காமிராவும் ஒன்று. இப்பொழுது அது பெரும்பாலும் கைப்பேசிக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது. பதினைந்து நாள் விடுமுறை முடிந்து ரயிலேறும்போது ஆயிரம் படங்கள் அதில் சேர்ந்திருக்கும். ஆறு மாதம் சென்றபின் அவற்றில் எத்தனை நினைவில் நிற்கின்றன என்று கேட்டால், விரல்விட்டு எண்ணிவிடலாம். இதற்காகப் படமெடுத்தவரையும் குறை சொல்வதற்கில்லை. கருவியையும் குறை சொல்வதற்கில்லை. படமெடுக்கும் வேளையில் நாம் செய்யவேண்டிய வேலை ஒன்றைக் கருவி தானே செய்து முடித்துவிட்டது. அந்த வேலை யாது, அதை மறுபடியும் நம் விரலுக்கே வாங்கிக்கொள்வதில் என்ன இன்பம் இருக்கிறது என்பதையே இன்று சொல்லக் கருதுகிறேன். சொல்வதற்கு வசதியாக ஓர் ஊரையும் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஊர் பூவார்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கடலோரத்தில் இருக்கிறது பூவார். அகத்தியமலைப் பக்கத்தில் பிறந்து ஏறக்குறைய 56 கிலோமீட்டர் ஓடிவரும் நெய்யாறு இங்கேதான் அரபிக் கடலில் கலக்கிறது. ஆற்றில் மிதந்து வந்த பூக்களைக் கண்டு மார்த்தாண்டவர்ம மகாராஜா இட்ட பெயர் இது என்பது செவிவழிச் செய்தி. ஆறு கடலைத் தொடும் வாயைப் 'பொழி' என்று வழங்குவது இந்தப் பக்கத்து மரபு. அடுத்துள்ள பொழியூரின் பெயரிலும் அச்சொல் நிற்கிறது. நீர் குறைந்த நாள்களில் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். மழைக்காலத்தில் ஆறு அந்த மணல்திட்டை உடைத்துக்கொண்டு போகும். ஆகவே போன ஆண்டு எடுத்த படத்தில் இருந்த கரை இந்த ஆண்டு அதே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. திட்டுக்கு இந்தப் பக்கம் அசையாத காயல் நீர், கண்டல் காடு, தென்னை, தாழை. அந்தப் பக்கம் ஓயாமல் இரையும் கடல். நடுவே ஒரு மணல் வரப்பு. காமிராக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொரு காரணமும் உண்டு. 1956 நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே கோடு விழுந்தது. கோட்டுக்கு இரு பக்கமும் உறவினர். இரு பக்கமும் இரு மொழியும் காதில் விழும். எந்த லென்சிலும் அந்தக் கோடு விழுவதில்லை. வெளி மாநிலத்தில் வாழ்ந்து, எது நம் ஊர், எது அயலூர் என்ற கணக்கைத் தினமும் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இத்தகைய ஓர் எல்லையோரக் கிராமம் எளிதில் விளங்கும் அல்லவா?

இனி விஷயத்துக்கு வருவோம். லென்ஸ் எதுவாயினும், ஒரு சமயத்தில் ஒரே ஒரு தூரத்தில் உள்ள பொருளைத்தான் அது மிகத் தெளிவாகக் காட்டும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை சற்றே கலங்கும். மிக விலகியவை கரைந்தே போகும். எந்தத் தூரத்தைத் தெளிவாக்குவது என்று முடிவு செய்வதைத்தான் 'போகஸ்' செய்தல் என்கிறோம். லென்சை முன்னும் பின்னும் நகர்த்தி அதைச் செய்ய வேண்டும். எவ்வளவு நகர்த்த வேண்டும்? கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று அடிவானத்தைப் பார்த்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் முகத்தைத் தெளிவாக்க அது ஏறக்குறைய 2.6 மில்லிமீட்டர் முன்னுக்கு வந்தால் போதும். பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் உலகம் முழுவதற்கும், அதாவது தென்னைக்கும் படகுக்கும் கடலுக்கும் சந்திரனுக்கும் சேர்த்து, கால் மில்லிமீட்டர் நகர்வே உரியது. நமக்கு நெருங்கியவர்களுக்குத்தான் லென்ஸ் அதிகம் அசைந்துகொடுக்கிறது.

இந்தச் சிறு நகர்வை விரலால் ஆளத் தக்கதாக்குவது, லென்சின் கழுத்தில் இருக்கும் வளையமும் அதனுள் வெட்டப்பட்ட மரையும். பழைய லென்சுகள் பலவற்றில் வளையத்தை அரை வட்டம் வரையிலும், சிலவற்றில் அதற்கு மேலும் திருப்பலாம். இரண்டரை மில்லிமீட்டரை அரை வட்டமாக விரித்துவைத்திருப்பதால், ஒரு தலைமுடி அளவு மாற்றத்தைக்கூட விரல் உணர்ந்து செய்ய முடிகிறது. நல்ல நிலையில் உள்ள ஒரு வளையத்தைத் திருப்பும்போது, அது இறுகாமலும் வழுக்காமலும், நன்கு எண்ணெய் ஊறிய செக்கு போலச் சீராக வரும். படமே எடுக்காமல் அதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. கேலிக்காகச் சொல்லவில்லை, அந்தச் சுகம் அத்தகையது.

தெளிவு வந்ததா என்று கண்டறியும் வழிகள் காமிராவுக்குக் காமிரா வேறுபடும். மங்கற் கண்ணாடியில் விழும் உருவத்தைப் பார்த்தே சிலவற்றில் தீர்மானிக்க வேண்டும். சிலவற்றில் நடுவே ஒரு சிறு வட்டம் இருக்கும். தூரம் சரியாக அமையாத வரை தென்னை மரம் அந்த வட்டத்தில் இரண்டாக வெட்டுண்டு நிற்கும். வளையத்தைத் திருப்பத் திருப்ப மேல்துண்டும் கீழ்த்துண்டும் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். லைக்கா போன்ற காமிராக்களில் ஒரே பொருள் இரு நிழலாகத் தோன்றி, பிறகு ஒன்றாகும். இந்த ஒட்டிக்கொள்ளும் கணம் இருக்கிறதே, அதை வார்த்தையால் விளக்குவது கடினம். வேட்டியின் இரு கரையையும் சேர்த்து மடிக்கும்போது கோடு கோட்டின் மேல் சரியாக விழுந்தால் மனத்தில் ஒரு நிறைவு தோன்றுமே, ஏறக்குறைய அது போன்றது.

பூவாரில் படகில் ஏறிக் காயலுக்குள் போனால் தானியங்கி போகஸின் திறமையும் தெரியும், திண்டாட்டமும் தெரியும். கண்டல் மரங்கள் நீரில் வேரூன்றி இருபுறமும் நெருங்கி நிற்கும் வாய்க்கால். எதிரே, கிளைகளின் சந்து வழியாக, ஒருவர் தோணியைத் துடுப்புப் போட்டு வருகிறார். காமிராவைத் தூக்குகிறோம். இயந்திரம் முன்னால் நிற்கும் இலையைப் பிடித்துக்கொள்கிறது. இலை ஒவ்வொன்றும் கத்தி போலத் தெளிவு, தோணிக்காரர் வெறும் நிழல். மறுபடி முயல்கிறோம். இம்முறை நீரில் தெறிக்கும் வெயிலைக் கண்டு லென்ஸ் முன்னும் பின்னும் அலைகிறது. அதற்குள் தோணி கடந்துவிடுகிறது. இன்றைய காமிராக்கள் முகத்தையும் கண்ணையும் பறவையையும்கூட அடையாளம் கண்டு தொடர்கின்றன என்பது உண்மையே; அந்தத் திறமையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஆயினும் வலை, ஓலை, மூங்கில் தட்டி, மழைத்தாரை இவற்றின் ஊடே பார்க்கும்போது, எதைப் பார்க்க வந்தோம் என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. வெளிச்சமும் நிழலும் கூர்மையாக வேறுபடும் இடம் எது என்று அது சொல்லும். நமக்கு அருமையானது எது என்று அதனால் சொல்ல முடியுமா? வளையமுள்ள லென்சானால், தோணிக்காரர் எட்டு மீட்டரில் வருகிறார் என்று கண்ணால் மதித்து, விரலால் எட்டில் நிறுத்திவிட்டால், நடுவே எத்தனை இலை ஆடினாலும் லென்ஸ் அசையப்போவதில்லை.

தூரத்தைக் கண்ணால் மதிப்பது பழக்கத்தால் வரும் கலை. நம் முன்னோருக்கு அது இயல்பாக இருந்தது. முழம், சாண், கோல் எல்லாம் உடம்பிலேயே இருந்தன. கடலில் போகிறவர்கள் கரையிலுள்ள பனையையும் கோபுரத்தையும் மலைமுடியையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, தாங்கள் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்று சொல்லிவிடுவார்கள். நகரத்து அடுக்குமாடியில் வாழும் நமக்கு எதிர்வீட்டுச் சுவரைத் தவிர அளந்து பார்க்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. வளையம் உள்ள லென்சைக் கையில் எடுத்த ஒரு மாதத்தில், பேருந்து நிறுத்தம் ஏழு மீட்டர், தேநீர்க் கடைப் பெஞ்சு மூன்று மீட்டர் என்று மனம் தானே அளக்கத் தொடங்கிவிடும். காமிரா கையில் இல்லாதபோதும் அளக்கும். அதனால் உலகம் சற்று ஆழம் பெற்றுவிட்டது போலத் தோன்றும்.

இந்தக் கலைக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858-ல் அவர் தஞ்சை, மதுரை முதலிய ஊர்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். பெரிய மரப்பெட்டிக் காமிரா. தலைமேல் கறுப்புத் துணி. மங்கற் கண்ணாடியில் கோயில் தலைகீழாகத் தெரியும். அந்தத் தலைகீழ் உருவத்தைப் பார்த்தே எழுத்துக்கள் தெளிந்தனவா என்று தீர்மானிக்க வேண்டும். இருபத்தொரு முறையும் ஒரே அளவு, ஒரே தெளிவு அமைய வேண்டும். சித்திரை வெயிலில் அந்தத் துணிக்குள் நின்றால் எப்படி இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, இன்று நாம் வளையம் திருப்புவதைச் சிரமம் என்று சொல்ல வாய் வராது.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு திருவண்ணாமலையில் ரமண மகரிஷி மறைந்தார். அந்நாள்களில் ஆசிரமத்தில் இருந்து அவருடைய கடைசிப் படங்களை எடுத்தவர் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கார்த்தியே பிரெசோன். லைக்காவும் 50 மில்லிமீட்டர் லென்சும் அவருடைய வாழ்நாள் துணை. அந்தச் சிறு காமிராவில் தூரத்தை முன்னதாகவே வளையத்தில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் ஒருவராக நின்று, கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துவிடலாம். கையால் போகஸ் செய்வது தாமதமான வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முன்கூட்டியே முடிவு செய்தவனுக்கு அதைவிட விரைவான வழி இல்லை. ஷட்டரை அழுத்தும் வேளையில் லென்ஸ் எதையும் தேட வேண்டியதில்லை அல்லவா?

எல்லாரும் லைக்கா வாங்கிவிடவில்லை. 1960-களிலும் 1970-களிலும் நம் வீடுகளில் பெரும்பாலும் இருந்தது ஆக்பா கிளிக் போன்ற எளிய பெட்டிக் காமிராதான். அதில் வளையமே இல்லை. சில அடிகளுக்கு அப்பால் நின்றால் எல்லாம் ஓரளவு தெளியும். திருமண ஆல்பங்களில் எல்லாரும் ஒரே தூரத்தில் வரிசையாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பிலிம் சுருள் ஒன்றில் 12 படம், மிஞ்சினால் 36. உதகமண்டலத்தில் 1960-ல் நிறுவப்பட்டு 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் செய்தது. அந்தத் தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. பிறகு 1977-ல் கோனிகா நிறுவனம் தானே போகஸ் செய்யும் சிறு காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1985-ல் மினோல்டா நிறுவனம், மாற்று லென்சுகள் பொருத்தும் பெரிய காமிராவிலும் அந்த வசதியை உள்ளேயே அமைத்தது. அதன்பின் வளையம் மெல்ல மெல்ல அலங்காரப் பொருளாகிவிட்டது. ஒரு துறையில் மட்டும் அப்படி ஆகவில்லை. சினிமாப் படப்பிடிப்பில் காமிராவின் அருகே ஒருவர் அளவு நாடாவோடு நின்று, நடிகர் நடந்து வர வர வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பதை இன்றும் காணலாம். 'போகஸ் புல்லர்' என்று அவருக்குப் பெயர். மகன் முகத்திலிருந்து தாயின் முகத்துக்குத் தெளிவு எந்தக் கணத்தில் மாற வேண்டும் என்பது கதையைச் சேர்ந்த விஷயம். அதை எந்திரத்திடம் ஒப்படைக்க அவர்கள் எளிதில் இசைவதில்லை.

பூவாரின் கடற்கரைக்கு வருவோம். இந்தக் கரையோரத்தில் கரைமடி இழுப்பதைக் காணக் கிடைத்தால், நேரம் பார்க்காமல் நின்றுவிட வேண்டும். வலையைக் கடலில் வளைத்து விட்டுவிட்டு, இரு முனைக் கயிற்றையும் கரையிலிருந்து இரு கூட்டத்தார் இழுப்பார்கள். பதினைந்து இருபது பேர் ஒரே கயிற்றில் வரிசையாக, பின்னுக்குச் சாய்ந்து, ஒரு குரலுக்கு ஒரு அடியாக இழுப்பார்கள். கயிற்றின் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த வரிசை கையெட்டும் தூரத்திலிருந்து அலைவிளிம்பு வரை நீண்டு கிடக்கும். 50 மில்லிமீட்டர் லென்சில் துவாரத்தை எஃப் 2.8-க்குத் திறந்து, நான்கு மீட்டரில் வளையத்தை நிறுத்தினால், ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் மட்டுமே தெளியும். அதாவது ஒரே ஒரு மனிதர். அவருக்கு முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் கலங்கிய உருவங்கள். துவாரத்தை எஃப் 11-க்குச் சுருக்கினால் இரண்டரை மீட்டரிலிருந்து எட்டு மீட்டருக்கு மேல் வரை தெளிந்து, பாதி வரிசை எழுந்து நிற்கும். ஒன்று, கயிற்றில் தன் பங்கை இழுக்கும் ஒரு மனிதரின் படம்; மற்றது, கூட்டு உழைப்பின் படம். இரண்டும் உண்மை. எதைச் சொல்ல வேண்டும் என்பதை வளையத்தையும் துவாரத்தையும் தொடும்போதே நாம் தீர்மானித்தாக வேண்டியிருக்கிறது.

பழைய லென்சின் மேல் இந்தக் கணக்கெல்லாம் கோடுகளாகவே பொறிக்கப்பட்டிருக்கும். நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் 4, 8, 11, 16 என்று எண்கள். எந்தத் துவாரத்துக்கு எவ்வளவு ஆழம் தெளியும் என்பதை ஒரு பார்வையில் படித்துக்கொள்ளலாம். 28 மில்லிமீட்டர் அகன்ற லென்சை 35 மில்லிமீட்டர் பிலிம் காமிராவில் பொருத்தி, எஃப் 8 வைத்து, வளையத்தை மூன்றேகால் மீட்டரில் விட்டுவிட்டால், ஒன்றரை மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து அடிவானம் வரை யாவும் தெளிவே. பிறகு நாள் முழுவதும் வளையத்தைத் தொட வேண்டியதில்லை. சந்தைத் தெருவுக்கும் படகுத்துறைக்கும் இது போதும். காயலில் வீச்சுவலை எறிபவரை எடுக்க வேண்டுமானால் வேறு வழி. வலை எங்கே விரிந்து விழும் என்று இரண்டு வீச்சைப் பார்த்து அறிந்துகொண்டு, அந்த இடத்திலேயே போகஸை நிறுத்திவிட்டு, மூன்றாம் வீச்சுக்குக் காத்திருக்க வேண்டும். பக்கத்துத் திட்டில் நிற்கும் கொக்கும் அதையேதான் செய்துகொண்டிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது, அருகில் உட்கார்ந்து ஒருவருடைய முகத்தை எடுப்பது. ஒரு மீட்டர் தூரத்தில், எஃப் 2-ல், 50 மில்லிமீட்டர் லென்ஸ் தரும் தெளிவின் ஆழம் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே அதைவிட அதிக தூரம் உண்டு. ஆகவே முகம் முழுவதும் தெளியாது. கண்ணா, கண்ணாடியின் விளிம்பா, நெற்றிச் சுருக்கமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலும் நமக்கு அருகே உள்ள கண்ணை. எதிரே இருப்பவர் மூச்சு விட்டாலும் தெளிவு விலகும். நாம் மூச்சு விட்டாலும் விலகும். வளையத்தைத் திருப்பியும், உடம்பை ஒரு விரற்கடை முன்னே சாய்த்தும் பின்வாங்கியும் அந்தக் கண்ணைத் தேடிக்கொண்டிருக்கையில் பத்து நொடி, இருபது நொடி கழிந்துவிடும்.

அந்த இருபது நொடியில்தான் ஒரு நல்ல காரியம் நடக்கிறது. திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் முதியவர், காமிராவைக் கண்டவுடன் விறைத்து உட்கார்ந்து, படத்துக்கென்று ஒரு முகத்தை வைத்துக்கொள்வார். கைப்பேசியானால் அந்த முகத்தையே எடுத்துக்கொண்டு போய்விடுவோம். இங்கே நேரமாகிறது. "எடுத்தாச்சா மக்களே?" என்று கேட்பார். "இல்ல பாட்டா, கொஞ்சம் பொறுங்க" என்போம். எவ்வளவு நேரம்தான் விறைப்பாக இருப்பார்? தோள் தளரும், கை தானாக ஊசியை எடுத்து விட்ட கண்ணியிலிருந்து பின்னத் தொடங்கும், ஏதோ நினைவு வந்து பார்வை நம்மைத் தாண்டிப் போகும். அவருடைய சொந்த முகம் திரும்பி வந்துவிடும். அப்பொழுது கண்ணும் தெளிந்திருந்தால் ஷட்டரை அழுத்தலாம். படத்தில் வருவது நாம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். காமிராவுக்காக ஒரு கணம் உருவான மனிதர் அல்லர்.

வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இது சாதாரண விஷயம் அன்று. பாட்டாவும் பாட்டியும் அடுத்த விடுமுறைக்கு இருப்பார்களா என்பதை நாம் வாய்விட்டுக் கேட்பதில்லை; கேட்காமல் ரயிலேறுகிறோம். செய்தி வந்து, கிடைத்த வண்டியில் ஏறி, எல்லாம் முடிந்தபின் வந்து சேர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதன்பின் சுவரில் மாட்டுவதற்குப் படம் தேடும்போது, கல்யாணக் கூட்டத்தில் பத்துப் பேருக்கு நடுவே கடுகளவாகத் தெரியும் தலையைப் பெரிதாக்கி, ஸ்டுடியோக்காரர் வேறொரு சட்டையை வரைந்து கொடுத்த படமே பல வீடுகளில் தொங்குகிறது. ஒரு மீட்டர் தூரத்தில் இருபது நொடி உட்கார்ந்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். நம் பிள்ளைகள் தாத்தாவின் கண் எப்படி இருக்கும் என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அறியப்போகிறார்கள்.

எல்லா இடத்துக்கும் இந்த முறை ஏற்றது என்று சொல்லமாட்டேன். மணலில் ஓடி விளையாடும் குழந்தையையும், காயலுக்கு மேல் பாய்ந்து இறங்கும் செம்பருந்தையும் தானியங்கிக்கே விட்டுவிடுவது அறிவுடைமை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து என்றொரு இடையூறும் உண்டு. நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் தானே வளைந்து கொடுத்து அருகையும் தொலைவையும் மாறி மாறித் தெளிவாக்குகிறது. வயதேற ஏற அது இறுகிவிடுகிறது. இயற்கை நமக்குக் கொடுத்த தானியங்கி போகஸ் ஓய்வுபெறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆயினும் பெரும்பாலான நல்ல காமிராக்களில் பார்வைத் துளையின் அருகே கண்ணுக்கேற்றபடி திருத்திக்கொள்ளும் சிறு சக்கரம் இருக்கும். இன்றைய எண்ணியல் காமிராக்களில், பார்க்கும் இடத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் வசதியும், தெளிந்த விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும் வசதியும் வந்துவிட்டன. வெள்ளெழுத்துக்காரர்கள் முன்னைவிட இப்பொழுது நன்றாகவே கையால் போகஸ் செய்யலாம்.

செலவும் பயப்படும்படி இல்லை. கண்ணாடி மீளும் பழைய காமிராக்களுக்கென்று செய்த லென்சுகளைக் கண்ணாடியில்லாத புதிய காமிராக்களில் ஓர் உலோக வளையத்தின் உதவியால் பொருத்திவிடலாம். புதிய காமிராவில் லென்சுக்கும் உணரிக்கும் இடையே உள்ள தூரம் குறைவாதலால், மிச்சத் தூரத்தை அந்த வளையம் நிரப்பிவிடுகிறது. அதில் மின்சாரமும் இல்லை, வேறு கண்ணாடியும் இல்லை. 42 மில்லிமீட்டர் மரை கொண்ட லென்சுகள் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் சோவியத் நாட்டிலும் பல்லாண்டு ஏராளமாகச் செய்யப்பட்டவை. ஹீலியாஸ் என்ற சோவியத் லென்ஸ் அவற்றுள் பேர் பெற்றது. வாங்கும்போது வளையத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை திருப்பிப் பாருங்கள். எங்கேனும் தளர்ந்தோ கரகரத்தோ வந்தால் வேண்டாம். பின்னாலிருந்து ஒளியைச் செலுத்தி, முன்கண்ணாடி வழியே உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போன்ற கோடுகள் தென்பட்டால் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று பொருள்.

பூஞ்சை நம் கடற்கரைக்காரர்களுக்கு முதல் எதிரி. மும்பை, சென்னை, கொச்சி, பூவார் எங்கும் ஈரக்காற்று. தோலுறைக்குள் லென்சைப் பூட்டி அலமாரியில் வைப்பது பூஞ்சைக்குப் பாத்தி கட்டிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைக்கலாம். அதைவிட நல்லது அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது. பொழிமுகத்தில் நின்று படமெடுத்த அன்று மாலையே, மெல்லிய துணியைச் சற்று நனைத்துப் பிழிந்து, லென்சின் உடலில் படிந்த உப்பைத் துடைத்துவிட வேண்டும். கண்ணாடியில் மணல் இருந்தால் முதலில் ஊதித் தள்ள வேண்டும், தேய்க்கவே கூடாது. மணல்திட்டில் லென்சை மாற்றாதீர்கள். படகுக்குத் திரும்பி வந்து மாற்றுங்கள். வளையத்தின் மரைக்குள் ஒரு மணல் புகுந்தாலும் அந்தச் சீரான ஓட்டம் போய்விடும்.

பூவாருக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு சொல். காலையில் கதிரவன் தென்னந்தோப்புக்குப் பின்னாலிருந்து வந்து காயலின் மேல் சாய்வாக விழும். முகங்களுக்கும் தோணிகளுக்கும் அதுவே நல்ல நேரம். மாலையில் கடல் பக்கம் சூரியன் இறங்குவதால் எதிரே நிற்பவை யாவும் கருநிழலாகும். அப்பொழுது மணல் விளிம்பில் நிற்பவர்மேல் வளையத்தை நிறுத்திவிட்டுக் கடலைக் கலங்க விடலாம். அலை இங்கே வலியது, கரை சரிவானது, பார்வைத் துளையில் கண் வைத்தபடி நீரை நோக்கிப் பின்னடி முன்னடி வைக்க வேண்டாம். வலையருகே போகும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் கேட்டாலும் புரிந்துகொள்வார்கள்.

ஊர் போய்ச் சேர்ந்தபின் நாலைந்து படங்களையாவது தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் பெயர், ஊர், தேதி எழுதி வையுங்கள். முகங்களை எடுத்த படமானால், எத்தனை மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதலாம். வளையத்தைப் பார்த்தால் அது தெரியும்.